நுழைவுச்சீட்டு வாங்கும் முன்
தாய்லாந்துச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயணிகளுக்கு,

அடுத்த விடுமுறைக்குத் தாய்லாந்து என்று உங்களில் பலர் முடிவுசெய்து, முன்பணமும் கட்டியிருப்பீர்கள். 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் அங்கே போகலாம் என்றான பிறகு, கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. 2024-இல் மட்டும் இந்தியாவிலிருந்து 21 லட்சம் பேருக்கு மேல் போய்வந்தார்கள். பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று இருந்த பட்டியல் இப்போது வடக்கே சியாங் மாய், சியாங் ராய் வரை நீண்டிருக்கிறது. அந்த வடக்குப் பயணத் திட்டங்களில் அநேகமாக ஒரு வரி இருக்கும்: "நீண்ட கழுத்துப் பழங்குடியினர் கிராமம், அரை மணி நேரம்." காலையில் யானை முகாம், அதன் பிறகு இந்தக் கிராமம், பிறகு மதியச் சாப்பாடு.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

போகவே போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் கிராமம் யாருடையது, நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது, அங்கே இருப்பவர்கள் நினைத்தால் வெளியே போக முடியுமா? இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். பதில் வராத இடத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அந்த மக்களின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர்கள் கயான் மக்கள். பதாவுங் என்ற பெயரிலும் பலர் படித்திருப்பீர்கள். அது ஷான் இனத்தவர் அவர்களுக்கு வைத்த பெயர். அவர்களுடைய ஊர் தாய்லாந்தில் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், மியான்மரின் கயா மாநிலத்திலும் அதை ஒட்டிய மலைகளிலும் இருக்கிறது. கயான் மக்களிலும் எல்லாருக்கும் கழுத்து வளையம் கிடையாது; ஒரு பிரிவினரிடம் மட்டுமே அந்த வழக்கம். ஐந்து வயதை ஒட்டிப் பெண் குழந்தைக்கு முதல் வளையம் போடுவார்கள். பார்ப்பவர்கள் தனித்தனி வளையல்களை அடுக்கியதாக நினைப்பார்கள். உண்மையில் அது ஒரே பித்தளைக் கம்பி, சுருளாகச் சுற்றப்பட்டது. பிள்ளை வளர வளர, பழையதைக் கழற்றிவிட்டு இன்னும் நீளமான சுருளைப் போடுவார்கள். வளர்ந்த பெண்ணின் கழுத்தில் அது பல கிலோ எடை இருக்கும். அதனால் கழுத்து நீளுவதில்லை. பாரம் தாங்காமல் தோள்பட்டை எலும்பும் மேல் விலா எலும்புகளும் கீழே இறங்குகின்றன; கழுத்து நீண்டதுபோலத் தெரிகிறது. கழற்றினால் கழுத்து ஒடிந்து செத்துப்போவார்கள் என்று வழிகாட்டிகள் சிலர் இன்னும் கதை சொல்கிறார்கள். அது பொய். கழற்றிவிட்டு வாழும் பெண்கள் நிறையப் பேர். முதலில் கழுத்துத் தசை தளர்ந்திருக்கும், தோல் நிறம் மாறியிருக்கும், பிறகு பழகிவிடுகிறது.

இந்த வழக்கம் ஏன் வந்தது என்பதற்கு அவர்களிடமே பல கதைகள் உண்டு. புலி கழுத்தைக் கவ்வாமல் இருக்க என்பார்கள், அழகுக்கு என்பார்கள், குலத்தின் ஆதித் தாயான நாகத்தைப் போல இருக்க என்பார்கள். எது உண்மை என்பதில் எனக்கு அக்கறை குறைவு. நாம் கவனிக்க வேண்டியது, இந்த வழக்கம் எப்படி டிக்கெட் விற்கும் சரக்கானது என்பதைத்தான்.

பர்மா (இன்றைய மியான்மர்) 1948-இல் விடுதலை பெற்றதிலிருந்தே கயா மாநிலம் நிம்மதியாக இருந்ததில்லை. அம்மாநிலத்துக் கரென்னி மக்களின் ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் சண்டை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ராணுவம் கிராமம் கிராமமாக ஆட்களைக் கிளப்பியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டித் தாய்லாந்தின் மே ஹோங் சோன் மாகாணத்துக்கு ஓடிவந்தார்கள். அவர்களில் கயான் குடும்பங்களும் இருந்தன. மற்ற கரென்னி மக்களை அகதி முகாம்களில் வைத்தார்கள். வளையம் அணிந்த பெண்கள் இருந்த குடும்பங்களைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுப்பார்கள் என்பது உள்ளூர் வியாபாரிகளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. நை சோய், ஹுவாய் சுவா தாவ், ஹுவாய் பூ கெங் என்று மூன்று குடியிருப்புகள் அமைந்தன. வாசலில் நுழைவுக் கட்டணம் வந்தது. பல ஆண்டுகளாக அது தாய்லாந்து நாணயத்தில் 250 பாட். வளையம் அணிந்த பெண்களுக்கு மாதச் சம்பளம். 2000-களில் வந்த செய்திகளில் அது 1,500 பாட் அளவில் சொல்லப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பயணிகள் வாசலில் கட்டும் பணம் ஒரு பெண்ணின் ஒரு மாதச் சம்பளம்.

வளையம் போடாத பெண்ணுக்கு அந்தச் சம்பளம் இல்லை. அப்படியிருக்கும்போது ஒரு தாய் தன் ஐந்து வயது மகளுக்கு வளையம் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில், மரபு மட்டும் அவள் காதில் பேசுவதில்லை. வாசலில் இருக்கும் டிக்கெட் கவுண்டரும் சேர்ந்து பேசுகிறது. சொந்த மலையில் குறைந்துகொண்டு வந்த பழக்கம், அகதியாக வந்த இடத்தில் பிழைப்பாகிப் போனது.

அடுத்து நடந்ததுதான் உங்கள் பயணத் திட்டத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. மே ஹோங் சோன் தூரமான ஊர். சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊர் வழியாகப் போனால் சுமார் 245 கிலோமீட்டர், மலைப்பாதை. 1,864 வளைவுகள் என்று அந்த ஊர்க் கடைகளில் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். மூன்று நாள் சுற்றுலாவில் அங்கே போய்வர நேரம் ஏது? பயணிகள் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள் என்பதால், மக்களைப் பயணிகள் பக்கம் கொண்டுவந்தார்கள். சியாங் மாய்க்கும் சியாங் ராய்க்கும் அருகில், பேருந்து நிறுத்த வசதியோடு, புதிதாகக் "கிராமங்கள்" கட்டப்பட்டன. அவற்றில் சிலவற்றில் கயான் மட்டும் இல்லை. அக்கா, லாஹு, ஹ்மொங், லீசு என்று வேறு வேறு மலைகளில், வேறு வேறு மொழி பேசி வாழ்ந்த இனங்களை ஒரே வேலிக்குள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் 300 முதல் 500 பாட் வரை. நம் ஊர்த் தொகுப்புச் சுற்றுலாவில் வரும் "பழங்குடி கிராமம்" அநேகமாக இப்படிப்பட்டதுதான்.

அப்படி ஓர் இடத்துக்கு நான் போயிருக்கிறேன். நிறுத்தத்தில் வேன்கள் வரிசையாக நின்றன. கவுண்டரில் சீட்டு வாங்கியதும் கையில் ஒரு வரைபடம் தந்தார்கள். எந்த இனம் எந்தப் பக்கம் என்று அதில் எண் போட்டிருந்தது. உள்ளே மண்பாதை, இரு பக்கமும் மூங்கில் குடிசைகள். ஒவ்வொரு குடிசைக்கு முன்னாலும் ஒரு கடை, கடைக்குப் பின்னால் ஒரு பெண். கயான் பகுதிக்கு வந்ததும் கூட்டம் நின்றது. இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண் தறியில் உட்கார்ந்திருந்தாள். தாடைக்கும் வளையத்துக்கும் நடுவில் மடித்த துணி ஒன்றைச் செருகியிருந்தாள். யாராவது போனை உயர்த்தியதும் கை தறியில் நிற்கும், முகம் நேராகும், ஒரு சிரிப்பு வரும். போன் இறங்கியதும் சிரிப்பும் இறங்கும். பக்கத்தில் ஒரு பெஞ்சின் மேல், பின்பக்கம் வெட்டி நாடா கட்டிய பித்தளைச் சுருள் ஒன்று கிடந்தது. வருகிறவர்கள் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ள. ஒருவர் மாற்றி ஒருவர் மாட்டி, சிரித்து, கழற்றிப் போட்டார்கள். கடையில் தொங்கிய சால்வைகளில் பாதி, முந்தின இரவு சியாங் மாய் சந்தையில் நான் பார்த்த அதே இயந்திரத் துணி. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் "நமஸ்தே" என்றாள். கொரிய மொழி, சீன மொழி, ஆங்கிலம் எல்லாவற்றிலும் அவளுக்கு அந்த ஒரு வணக்கம் தெரியும்.

எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்று வழிகாட்டி மூலமாகக் கேட்டேன். சின்ன வயதிலிருந்து, என்றாள். இங்கே நிலம் உண்டா? இல்லை. ஊருக்குப் போனதுண்டா? அதற்குப் பதில் சொல்லவில்லை; சால்வை ஒன்றை எடுத்து விலை சொன்னாள். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் வேனில் இரண்டு விதமாகப் பேசினார்கள். "பாவம், மிருகக்காட்சிச் சாலை மாதிரி வைத்திருக்கிறார்கள்" என்றார் ஒருவர். "எல்லாம் வியாபாரம். அசல் பழங்குடி எங்கே இருக்கிறார்கள், எல்லாரும் கையில் போன் வைத்திருக்கிறார்கள்" என்றார் இன்னொருவர். உங்கள் வேனிலும் இதே இரண்டு பேச்சும் வரும் என்பதால் இரண்டையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இரண்டாவது பேச்சு. கயான் பெண் கையில் போன் இருந்தால் நமக்கு ஏன் ஏமாற்றமாக இருக்கிறது? நாம் வேட்டியிலிருந்து பேன்ட்டுக்கும், விறகடுப்பிலிருந்து கேஸ் அடுப்புக்கும் மாறியதை யாரும் கேள்வி கேட்கவில்லை. மாறாமல் இருக்க வேண்டிய கடமையை அந்த மக்கள் மீது மட்டும் சுமத்துகிறோம். கட்டணம் கட்டியவர்கள் என்பதால், அவர்கள் பழையபடியே இருக்க வேண்டும் என்று நமக்கு ஓர் உரிமை வந்துவிட்டதுபோல நினைக்கிறோம். அந்த நினைப்புதான் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிற கயிறுகளில் ஒன்று. பயணிகள் "அசலாக" எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்லித்தான் நடத்துகிறவர்கள் சிலர் நவீன வசதிகள் வெளியே தெரியக் கூடாது, வளையம் வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். ஆகவே அந்தக் கிராமம் மாறிவிட்டதே என்று வருந்தாதீர்கள். என்ன மாற வேண்டும், என்ன மாறக் கூடாது என்று முடிவுசெய்கிற இடத்தில் அங்கு வாழ்பவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அந்த இடத்தில் அவர்கள் இல்லை என்பது 2008-இல் உலகத்துக்கே தெரியவந்தது. மே ஹோங் சோனில் இருந்த சுமார் 20 கயான் அகதிகளைத் தங்கள் நாட்டில் குடியமர்த்த நியூசிலாந்தும் பின்லாந்தும் முன்வந்திருந்தன. 2005-லிருந்து காத்திருந்தும் தாய்லாந்து அதிகாரிகள் அவர்களுக்கு வெளியேறும் அனுமதி தரவில்லை. முகாமுக்கு வெளியே சுற்றுலாவில் சம்பாதித்து வாழ்பவர்களை அகதிகளாகக் கருத முடியாது என்பது அதிகாரிகள் தரப்பு வாதம். ஐ.நா. அகதிகள் ஆணையம் இதை வெளிப்படையாகக் கண்டித்தது; அந்தக் கிராமங்களுக்குப் போவதைத் தவிர்க்கும்படி பயணிகளிடம் அப்போது சொல்லப்பட்டது. வளையம் அணிந்து வளர்ந்த ஓர் இளம்பெண் எதிர்ப்பாகத் தன் வளையத்தைக் கழற்றினார். பிறகுதான் சிலருக்கு வழி திறந்தது.

யோசித்துப் பாருங்கள். வேறொரு நாடு வாழ இடம் தருகிறேன் என்கிறது. போக அனுமதியில்லை. ஏனென்றால் உன்னைப் பார்க்க ஆள் வருகிறது.

தமிழர்களாகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களுக்குத் தமிழ்நாட்டில் எத்தனை முகாம்கள்! மண்டபம் முகாமைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம்மில் யார்? அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திடவில்லை, தாய்லாந்தும் கையெழுத்திடவில்லை. இரண்டு நாட்டிலும் ஓடிவந்தவரின் நிலைமை அரசின் தயவைப் பொறுத்தது. மண்டபம் முகாம் வாசலில் ஒருவர் மேசை போட்டு, "இலங்கைத் தமிழர்கள், நேரில் காணலாம்" என்று பலகை எழுதி, சீட்டுக் கிழித்திருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? உள்ளே ஒரு பாட்டி பனையோலை முடைந்துகொண்டிருக்க, வெளியூர்க்காரர்கள் சுற்றிநின்று படம் எடுத்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கொதிப்பை நினைத்துக்கொண்டு உங்கள் பயணத் திட்டத்தின் அந்த வரியை மறுபடி படியுங்கள்.

மனிதர்களை வேலிக்குள் நிறுத்திக் காசு வாங்குவது பழைய தொழில். 1880-களில் ஜெர்மானிய மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக், இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதர்களையும் சேர்த்தே கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்டிச் சம்பாதித்தார். கயான் பெண்களுக்கும் அந்தக் கதி வந்தது. 1930-களில் அவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் பெர்ட்ராம் மில்ஸ் சர்க்கஸில் நிறுத்தினார்கள். அந்தக் குழுவில் போன பாட்டிகளைப் பற்றி, அவர்கள் பேரனான பாஸ்கல் கூ த்வே "ஃபிரம் தி லேண்ட் ஆஃப் கிரீன் கோஸ்ட்ஸ்" என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 2002-இல் வந்த புத்தகம். பர்மாவில் 1988-இல் நடந்த மாணவர் எழுச்சிக்குப் பிறகு காட்டுக்குள் ஓடி, எல்லை தாண்டி, கடைசியில் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தவர் அவர். பாட்டிகளைக் காட்சிக்கு வைத்த அதே நாட்டில் பேரன் எழுத்தாளரானார். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கயான் மனிதர் என்ன செய்வார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அரை மணி நேரச் சுற்றுலாவில் நாம் பார்ப்பது கழுத்தை மட்டும். அந்தக் குடிசைக்குள் எப்படிப்பட்ட மனம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அங்கே வழியே இல்லை.

இனி, "பாவம்" என்ற பேச்சு. நல்ல மனதிலிருந்து வருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாவம் பார்த்துவிட்டு, இனி யாரும் அங்கே போகக் கூடாது என்று முடித்துவிட்டால், அதன் விலையைக் கொடுப்பதும் அதே பெண்கள்தான். 2020-இல் கொரோனா வந்து தாய்லாந்து எல்லையை மூடியதும் இது கண்கூடாகத் தெரிந்தது. பயணிகள் வருவது நின்றது, சம்பளம் நின்றது, சால்வை வாங்க ஆளில்லை. சொந்த நிலம் இல்லாதவர்கள், நினைத்த இடத்துக்குப் போய் வேலை தேட உரிமை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? சில குடும்பங்கள் எல்லை தாண்டி மியான்மருக்கே திரும்பின. 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கயா மாநிலம் மறுபடி போர்க்களமானது. 2023 முடிவில் அதன் தலைநகர் லோய்காவிலேயே தெருச்சண்டை. முன்னால் போனால் போர், பின்னால் இருந்தால் வேலி. இதில் நம்முடைய புறக்கணிப்பு மட்டும் அவர்களுக்குச் சோறு போடாது.

அப்படியானால் வழி என்ன? வழி இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மே ஹோங் சோனில் பாய் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹுவாய் பூ கெங். ஆற்றைப் படகில் கடந்துதான் போக வேண்டும். சுற்றுலாவுக்காக உருவான மூன்று குடியிருப்புகளில் இதுவும் ஒன்று என்று மேலே சொன்னேன். ஆனால் சில ஆண்டுகளாக இங்கே நடைமுறையை மாற்றியிருக்கிறார்கள். வருகிறவர்கள் நடந்து பார்த்துவிட்டுப் போவதற்குப் பதிலாக, ஊராரிடம் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளலாம். இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கலாம். அவர்கள் சமைப்பதைச் சாப்பிடலாம். நெசவு, மரவேலை, பித்தளை வேலை, சமையல் என்று ஒவ்வொன்றையும் அந்தந்த வேலை தெரிந்தவர் சொல்லித்தருகிறார். பணம் சொல்லித்தருகிறவர் கைக்கும் ஊர்ப் பொதுவுக்கும் போகிறது. இதில் முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள்: வளையம் அணியாத பெண்ணுக்கும், ஆண்களுக்கும்கூட இதில் வருமானம் உண்டு. சீட்டு விற்கும் கிராமத்தில் கயான் ஆண்களை நீங்கள் அநேகமாகப் பார்க்க மாட்டீர்கள். அவர்களைப் பார்க்க யாரும் காசு தரமாட்டார்கள்.

அங்கே நான் ஓர் அம்மாவிடம் நெசவு பழகினேன். தறி என்று தனியாக மரச்சட்டம் கிடையாது. பாவின் ஒரு முனையை வீட்டுத் தூணில் கட்டி, மறு முனையை இடுப்பில் வார் போட்டு இழுத்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்த்தால் நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். என் இழுப்பில் நூல் கோணிக்கொண்டே போனது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் என் இடுப்பைப் பிடித்து நேராக உட்காரவைத்தார். வெயில் ஏறியது. பித்தளை சுடாதா என்று கேட்டேன். சுடும், தண்ணீர் ஊற்றிக்கொள்வோம் என்றார். எதைப் போட்டு இவ்வளவு பளபளப்பாக வைத்திருக்கிறீர்கள் என்றதற்கு, புளியும் வைக்கோலும் என்றார். நம் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவது போலத்தான். பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த ஊர், அம்மா இருக்கிறாரா, வீட்டில் என்ன பயிர், எத்தனை பிள்ளைகள். அவர் மகளுக்கு வளையம் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அவளுக்கு வேண்டாமாம், படிக்கிறாள், எனக்குப் பிடித்திருக்கிறது, நான் போட்டிருக்கிறேன். இவ்வளவுதான் அவர் சொன்னது.

அணிகிறவர் விரும்பி அணிகிறார், வேண்டாதவர் விட்டுவிடுகிறார், இரண்டு பேருக்கும் அடுப்பு எரிகிறது. நாம் போகிற கிராமம் இப்படி இருக்க வேண்டும். இப்படி இருக்கும் கிராமத்துக்கு நாம் போவது அந்த மக்களுக்குப் பலம்.

ஹுவாய் பூ கெங்கில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர்களின் கவலை அங்கேயும் இருக்கிறது. மாவட்டம் தாண்டிப் போக அனுமதி வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அதைத் தாய்லாந்து அரசுதான் தீர்க்க வேண்டும். நம்மால் ஆகக்கூடியது, நம் பணத்தை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பது.

ஆகவே, இதைச் செய்யுங்கள்.

பயண முகவரிடம் முன்பணம் கட்டும்போதே கேளுங்கள்: அந்தக் கிராமத்தின் பெயர் என்ன? எந்த மாவட்டம்? வெறுமனே "நீண்ட கழுத்துக் கிராமம்" என்று மட்டும் சொன்னால், அது அவர்களுடைய ஊர் இல்லை, நமக்காகக் கட்டியது என்று தெரிந்துகொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்தை யார் வசூலிக்கிறார்கள், ஊராருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். நம் ஊர் முகவர்கள் கெட்டவர்கள் இல்லை. அங்கிருந்து அனுப்பிய பட்டியலை அப்படியே நமக்குத் தருகிறார்கள். பத்துக் குடும்பம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர்களும் அங்கே கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் அந்த அரை மணியை எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு கோயிலோ சந்தையோ பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள்.

உண்மையிலேயே கயான் மக்களைச் சந்திக்க ஆசை இருந்தால் நேரம் ஒதுக்குங்கள். சியாங் மாயிலிருந்து மே ஹோங் சோனுக்குச் சாலை உண்டு. ஓர் இரவு தங்குங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் போக வாய்த்தால், அவர்களுடைய கான் குவான் திருவிழாவைப் பார்க்கலாம். ஊர் நடுவே உயரமான கம்பம் நட்டு, சுற்றி ஆடி, கோழி எலும்பை வைத்து வரும் வருடத்துக்குக் குறி பார்ப்பார்கள். நமக்காக நடத்துகிற விழா இல்லை அது. விருந்தாளியாக ஓரமாக நின்று பார்க்கலாம்.

படம் எடுக்குமுன் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் கையை இறக்கிவிடுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். குழந்தை கையில் காசும் மிட்டாயும் கொடுக்காதீர்கள். பிள்ளை பள்ளிக்குப் போவதைவிட வாசலில் நிற்பது லாபம் என்று ஆகிவிடும். மாட்டிப் பார்க்க வைத்திருக்கும் அந்த வெட்டிய வளையத்தைத் தொடாதீர்கள். இன்னொருத்தியின் வாழ்க்கையை மாறுவேடமாகப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளுக்கும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள். வாங்குவதாக இருந்தால் தறியில் இருக்கிற துணியைக் காட்டி, யார் நெய்தது என்று கேட்டு வாங்குங்கள். விலையில் அடம்பிடிக்காதீர்கள். ஒரு சால்வைக்கு எத்தனை நாள் உட்கார வேண்டும் என்பது தறியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்புக்குத் தெரியும்.

யூடியூபில் பயணக் காணொளி போடும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. "ஒட்டகச்சிவிங்கிப் பெண்கள்", "விசித்திர மனிதர்கள்" என்று தலைப்பு வைக்காதீர்கள். உங்கள் காணொளியைப் பார்த்துத்தான் அடுத்த லட்சம் பேர் திட்டம் போடுகிறார்கள். அவர்கள் யார், ஏன் ஊரை விட்டு வந்தார்கள், எந்தக் கிராமத்தில் பணம் அவர்கள் கைக்குப் போகிறது என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். எந்த முகவராலும் செய்ய முடியாத மாற்றத்தை உங்களால் செய்ய முடியும்.

அந்த மலைகளுக்குப் போகிற கூட்டத்தில் நாம் இப்போது பெரிய பங்கு. முப்பது ஆண்டுகளாக ஐரோப்பியரும் அமெரிக்கரும் மற்றவர்களும் போய், அந்தக் கிராமங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று தங்கள் பணத்தால் எழுதினார்கள். அடுத்த பத்து ஆண்டு எப்படி இருக்கும் என்பதை எழுதுவதில் இந்தியர்களின் கையும் இருக்கிறது. வீடிழந்து அடுத்தவர் மண்ணில் நிற்பது என்னவென்று அறிந்த சமூகம் நாம். அப்படிப்பட்ட நாம் போகும்போது, இதுவரை போனவர்களைவிடக் கொஞ்சம் மேலாகப் போக வேண்டும்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் உங்கள் பயணத் திட்டத்தை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். முகவருக்கு இன்றே போன் செய்யுங்கள். கிராமத்தின் பெயரைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் அந்த வழி போய்வந்த ஒரு பயணி